இடம் விட்டால் உயிர் விடும் செல்

மும்பையின் டிராம்பே மலைக்குக் கிழக்கே தாணே கழிமுகம் விரிந்து கிடக்கிறது. ஓதம் வடிந்தால் கண்ணுக்கெட்டிய தூரம் சேறுதான். குளிர்காலத் தொடக்கத்தில் வந்திறங்கும் பூநாரைகள் மழைக்காலத்துக்கு முன்புவரை அந்தச் சேற்றிலேயே மேய்ந்து திரியும். 2015-இல் இந்தக் கழிமுகத்தின் ஒரு பகுதி பூநாரைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2022-இல் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. பறவைகளின் இளஞ்சிவப்பைப் பார்க்கத்தான் மக்கள் கூடுகிறார்கள். எனக்கு அவற்றின் பாதம்தான் பெரிய அதிசயம். முன்விரல்கள் மூன்றையும் ஒரு மெல்லிய சவ்வு இணைக்கிறது. அது இருப்பதால்தான் இத்தனை உயரமான பறவை அந்தக் குழைசேற்றில் புதையாமல் நடக்கிறது.

கருவில் ஏழெட்டு வாரம் ஆகும்வரை நம்முடைய கையும் விரல் பிரியாத ஒரு தட்டைதான். பிறகு விரல்களுக்கு இடையே இருக்கும் செல்கள் சாகத் தொடங்குகின்றன. அவை செத்து விலகிய இடம்தான் நம் விரலிடுக்கு. கோழிக்குஞ்சின் காலும் முட்டைக்குள் இப்படித்தான் செதுக்கப்படுகிறது. வாத்துக்கு மட்டும் அந்த இடத்தில் கிரெம்லின் என்றொரு புரதம் சுரந்து, சாகச் சொல்லும் சைகையை மறித்துவிடுகிறது. சவ்வு தங்கிவிடுகிறது. எழுதப்போகிறவனுக்கும் தைக்கப்போகிறவளுக்கும் விரல் வேண்டும். நீர்ப்பறவைக்குச் சவ்வு வேண்டும். ஒரே ஏற்பாட்டை வைத்துக்கொண்டு, ஓரிடத்தில் சாவை அனுமதித்தும் ஓரிடத்தில் தடுத்தும் இரண்டையும் செய்து முடித்திருக்கிறான் படைத்தவன். எதை உண்டாக்குவது என்பதோடு எதை எப்போது நிறுத்துவது என்பதும் படைப்புத் தொழிலில் சேர்ந்ததுதான்.

இந்த ஏற்பாட்டின் கணக்கு எவ்வளவு துல்லியமானது என்பதை ஒரு சின்னஞ்சிறு உருளைப்புழு காட்டிக்கொடுத்தது. ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள அந்தப் புழு வளரும்போது அதன் உடலில் 1,090 செல்கள் உண்டாகின்றன. அவற்றில் 131 செத்துப்போகின்றன. எந்தப் புழுவை எடுத்துப் பார்த்தாலும் அதே 131, அதே இடங்களில், அதே வேளையில். இதை ஒவ்வொரு செல்லாகப் பின்தொடர்ந்து வரைந்தவர் ஜான் சல்ஸ்டன். அந்தச் சாவை நடத்தும் மரபணுக்களைக் கண்டவர் ராபர்ட் ஹார்விட்ஸ். இந்தப் புழுவை ஆய்வுக்குத் தேர்ந்தெடுத்த சிட்னி பிரென்னரோடு இருவரும் 2002-இல் நோபல் பரிசு பெற்றார்கள். புழுவின் செல்களைக் காப்பாற்றும் ஒரு புரதத்துக்கு மனித உடலில் உறவுக்காரப் புரதம் உண்டு. மனிதனுடையதை எடுத்துப் புழுவுக்குள் வைத்தாலும் அது அங்கே சாகவேண்டிய செல்லைக் காக்கிறது. புழுவுக்கும் நமக்கும் பல கோடி ஆண்டு இடைவெளி இருக்கிறது. அந்த ஏற்பாடு இன்னும் மாறவில்லை. இதைப் படித்த அன்று புத்தகத்தை மூடிவிட்டுக் கைகூப்பத் தோன்றியது.

நம் உடலில் நாள்தோறும் 5,000 கோடிக்கும் மேற்பட்ட செல்கள் இப்படிச் சாகின்றன. வலி இல்லை, வீக்கம் இல்லை. சாகும் செல் தானே சுருங்கி, தன் டி.என்.ஏ.வை நறுக்கி, சிறு பொதிகளாகப் பிரிகிறது. பக்கத்துச் செல்கள் அவற்றை விழுங்கித் தமக்கு உணவாக்கிக்கொள்கின்றன. அடிபட்டோ வெந்தோ சாகும் செல்லின் கதை வேறு. அது உடைந்து கொட்டி, சுற்றிலும் புண்ணாக்கிவிடும். இந்த இரண்டு சாவும் ஒன்றல்ல என்று ஜான் கெர், ஆண்ட்ரூ வைலி, அலஸ்டேர் கர்ரி ஆகிய மூவரும் 1972-இல் எழுதினார்கள். அமைதியான அந்தச் சாவுக்கு அப்போப்டோசிஸ் என்று அவர்கள் இட்ட பெயரே இன்றுவரை வழங்குகிறது.

இனித் தாய்மாரின் மார்புக்கு வருகிறேன். இந்தக் கட்டுரை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

பால் சுரக்கும் சிற்றறைகளும் அதைக் காம்புக்குக் கொண்டுவரும் நாளங்களும் உள்ளே வெற்றிடம் உள்ள குழல்கள். ஆனால் வளரும் குழலின் நுனி தொடக்கத்தில் செல்கள் அடைந்த திரட்சியாகத்தான் இருக்கிறது. ஓரத்துச் செல்கள் அடித்தளச் சவ்வைத் தொட்டுக்கொண்டிருக்கின்றன. நடுவில் உள்ளவற்றுக்கு அந்தத் தொடுதல் இல்லை. தொடுதல் இல்லாதவை சாகின்றன. அவை சாகச் சாகக் குழல் உள்ளே திறக்கிறது. அமெரிக்காவில் ஜோன் பிரக்கின் ஆய்வகம் மார்புச் செல்களை ஒரு கூழ்மத்தில் வளர்த்து இதைக் கண்முன் காட்டியது. நடுச்செல்லைச் சாகச் சொல்லும் புரதங்களில் முக்கியமானது பிம் என்பது. எலிகளில் பிம்மை நீக்கிவிட்டால் குழலின் நடு திறக்கத் தாமதமாகிறது, செல்கள் அடைந்து நிற்கின்றன. ஒரு குழந்தையின் வாய்க்குப் பால் வந்துசேரும் வழியே, சில செல்கள் விலகி இடம் விட்டதால் உண்டான வழி. தாய்ப்பாலைப் போற்றிப் பாடாத மொழி இல்லை. அந்தப் பாலுக்கு வழிவிட்டு மறைந்த செல்களையும் ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம்.

குழந்தை பால் மறந்த பிறகு நடப்பதும் அப்படிப்பட்டதே. பால் தேங்கியதும் சுரப்பிச் செல்களுக்குள் ஸ்டாட்-3 என்ற புரதம் விழித்துக்கொள்கிறது. சுரந்து சுரந்து வேலை முடித்த செல்கள் கூட்டம் கூட்டமாக ஓய்கின்றன. எலியில் ஒரு வாரத்துக்குள் பெரும்பாலானவை போய்விடுகின்றன. மார்பு பழைய நிலைக்குத் திரும்புகிறது. அடுத்த பிள்ளைக்கு மறுபடி எல்லாம் புதிதாக முளைக்கின்றன. இப்படிக் கட்டி, கலைத்து, மீண்டும் கட்டப்படும் உறுப்புகள் உடலில் மிகச் சிலவே.

ஆக, ஒரு செல் பிழைத்திருப்பது அதன் சொந்த பலத்தால் மட்டும் அன்று. அக்கம்பக்கத்துச் செல்லும் அடியில் உள்ள சவ்வும் அதைத் தொட்டு, 'இரு, இரு' என்று இடைவிடாமல் சொல்லிக்கொண்டே இருக்கவேண்டும். அந்தச் சொல் நின்றால் செல் தானாகவே அடங்கிவிடும். 1994-இல் ஸ்டீவன் ஃப்ரிஷும் ஃபிரான்சிஸ் என்ற ஆய்வாளரும் ஒட்டியிருந்த செல்களைப் பிரித்து மிதக்கவிட்டார்கள். அவை ஒழுங்காகச் செத்தன. இடம் பெயர்ந்த செல் சாகவேண்டும் என்ற இந்த விதிக்கு அனாய்கிஸ் என்று பெயர். கல்லீரல் செல் கல்லீரலிலும் மார்புச் செல் மார்பிலும் இருப்பதற்கு இந்த விதியும் ஒரு காரணம். நம் உடல் என்ற ஊரில் யாரும் எல்லை தாண்டாமல் இருப்பதற்குக் காவல் வெளியே நிற்கவில்லை. அது ஒவ்வொரு செல்லுக்குள்ளேயும் எழுதப்பட்டிருக்கிறது.

எழுதப்பட்டிருக்கும் இடம், செல்லுக்குச் சக்தி ஆக்கித் தரும் மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சவ்வு. அங்கே பிசிஎல்-2 என்ற குடும்பம் குடியிருக்கிறது. சுமார் 20 புரதங்கள். ஒரே குடும்பத்தில் இரண்டு கட்சி. பாக்ஸ், பாக் என்ற இரண்டும் ஒன்றோடொன்று கூடினால் சவ்வில் துளை விழும். பிசிஎல்-2, பிசிஎல்-எக்ஸ்எல், எம்சிஎல்-1 ஆகியவை அவற்றைக் கூடவிடாமல் பிடித்து வைத்திருக்கும். மூன்றாவதாகச் சிறுசிறு புரதங்கள் சில உண்டு: பிம், பாட், ப்யூமா, நோக்ஸா. பிடிப்பு விட்டதோ, டி.என்.ஏ. முறிந்ததோ, உணவு குறைந்ததோ, செல்லுக்கு நேர்ந்த கேட்டை உணர்ந்து வந்து காப்பாற்றும் கட்சியின் பிடியைத் தளர்த்துவது இவற்றின் வேலை. சவ்வு துளைபட்டதும் உள்ளிருந்து சைட்டோகுரோம் சி வெளியே வருகிறது. மைட்டோகாண்ட்ரியாவுக்குள் இருக்கும்வரை இது மூச்சுக்காற்றிலிருந்து சக்தி எடுக்க உதவும் புரதம். அதே புரதம் வெளியே வந்துவிட்டால் காஸ்பேஸ் என்னும் நொதிகளை முடுக்கி, செல்லின் முடிவைத் தொடங்கிவைக்கிறது. 1996-இல் ஷியாடாங் வாங்கின் குழு இதைக் கண்டபோது நம்பாதவர்கள் பலர். உயிர்மூச்சுக்கும் சாவுக்கும் ஒரே புரதத்தையா படைத்தவன் வைத்திருப்பான்? வைத்திருக்கிறான்.

டிராம்பே பக்கத்தில் சீட்டா கேம்ப் என்றொரு குடியிருப்பு உண்டு. 1976-இல் ஜனதா காலனியிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்ட குடும்பங்கள் வாழும் இடம். தமிழ் நிறையக் கேட்கும். செம்பூரிலும் மாட்டுங்காவிலும் தாராவியிலும் கேட்பது போலவே. நம் பெண்கள் ஒருவருக்கொருவர் கேட்டுக்கொள்ளும் கேள்வி இது: "மாருல கட்டின்னாங்க. டாடா ஆஸ்பத்திரியில எடுத்தாச்சு, கீமோவும் முடிஞ்சுது. இத்தனை வருசம் கழிச்சு இடுப்பெலும்புல இருக்குங்கிறாங்களே, அது எப்படிக்கா அங்க போச்சு?" உலகப் புற்றுநோய்க் கணக்கின்படி 2022-இல் இந்தியாவில் சுமார் 1,92,000 பெண்களுக்கு மார்பகப் புற்று புதிதாகக் கண்டறியப்பட்டது. நம் நாட்டுப் பெண்களுக்கு வரும் புற்றுகளில் இதுவே முதலாவது. மார்பிலேயே இருக்கும் கட்டியால் உயிர் போவது அரிது. உயிரைக் கொண்டுபோவது பரவல். அதனால் அந்தக் கேள்வி ஆயிரமாயிரம் வீடுகளின் கேள்வி. அதற்கு விடை, மேலே சொன்ன பிசிஎல்-2 குடும்பத்திடம் இருக்கிறது.

முதல் கோளாறு குழலுக்குள்ளேயே நடக்கிறது. ஹெர்-2 போன்ற வளர்ச்சிச் சைகைகள் அளவு மீறிக் கூவும்போது பிம் அடக்கப்படுகிறது. நடுவில் சாகவேண்டிய செல்கள் சாகவில்லை. திறந்திருந்த குழல் மறுபடி அடைகிறது. குழலைத் தாண்டாத ஆரம்பநிலைப் புற்றை நுண்ணோக்கியில் பார்க்கும் மருத்துவர் காண்பது இதைத்தான். பாலுக்காகத் திறந்த வழியில் செல்கள் நெருக்கி நிற்கின்றன. தொடுதல் இன்றியும் உயிர் வாழப் பழகிவிட்ட செல்கள் அவை. அந்தப் பழக்கம்தான் பின்னால் பயணத்துக்குக் கைகொடுக்கிறது.

ஆனாலும் பயணம் எளிதன்று. 1970-இல் ஐசாயா ஃபிட்லர் எலிகளில் ஒரு சோதனை செய்தார். புற்றுச் செல்களுக்குள் கதிரியக்க அயோடினை அடையாளமாக ஏற்றி, இரத்த நாளத்தில் செலுத்தி, எங்கே போகின்றன என்று அளந்தார். ஒரு நாள் கழித்து நூற்றுக்கு ஒன்றுகூட உயிரோடில்லை. கடைசியில் வேறிடத்தில் கட்டியாக முளைத்தவை ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு. நோயைப் பற்றிய புத்தகத்தில் இதைவிடப் பெரிய ஆறுதலை நான் படித்ததில்லை. இரத்தத்தில் தப்பிவந்த செல்களில் ஏறக்குறைய எல்லாவற்றையும், நாம் அறியாமலே, மருந்தில்லாமலே, உடல் முடித்துவிடுகிறது. இரத்த ஓட்டத்தின் அலைப்பும் நோயெதிர்ப்புச் செல்களும் அதில் பங்கு கொள்கின்றன. இடம் விட்ட செல்லை உள்ளிருந்தே அடக்கும் விதியும் பங்கு கொள்கிறது.

தப்பும் அந்த ஒன்று எப்படித் தப்புகிறது? சில செல்கள் தனியே போவதில்லை. கொத்தாக, ஒன்றையொன்று பற்றிக்கொண்டு போகின்றன. தொடுதல் நீங்கவில்லை என்பதால் சாகவேண்டிய சைகையும் எழுவதில்லை. 2014-இல் வெளியான ஓர் ஆய்வில் இப்படிப்பட்ட கொத்துகள் தனிச்செல்லைவிட 23 முதல் 50 மடங்கு பரவும் ஆற்றல் கொண்டவையாக இருந்தன. வேறு சில செல்கள் காப்பாற்றும் கட்சியை வலுப்படுத்திக்கொள்கின்றன. பிசிஎல்-எக்ஸ்எல் மிகுதியாக இருக்கும் செல்கள் சோதனை விலங்குகளில் கூடுதலாகப் பரவியிருக்கின்றன. எம்சிஎல்-1 மரபணு பல மார்பகக் கட்டிகளில் இரண்டுக்கு மேற்பட்ட பிரதிகளாகப் பெருகிக் கிடக்கிறது.

போய்ச்சேரும் இடமும் முக்கியம். 1889-இல் லண்டன் மருத்துவர் ஸ்டீஃபன் பேஜட், மார்பகப் புற்றால் இறந்த 735 பெண்களின் பிணப் பரிசோதனைக் குறிப்புகளைத் தொகுத்துப் பார்த்தார். இரத்தம் எல்லா உறுப்புக்கும் ஓடினாலும் நோய் எல்லா உறுப்பிலும் சமமாகத் தங்கவில்லை. விதை எங்கும் விழலாம், ஏற்ற மண்ணில்தான் முளைக்கும் என்று எழுதினார். மார்புச் செல்லுக்கு ஏற்ற மண்களில் முதன்மையானது எலும்பு. எலும்பு மஜ்ஜையில் டிரெயில் என்ற புரதம் வந்தேறிய செல்லைச் சாகச் சொல்கிறது. அதே மஜ்ஜையில் ரத்தச் செல்களை வளர்ப்பதற்காகச் சுரக்கும் சிஎக்ஸ்சிஎல்-12 என்ற இன்னொரு புரதம் உயிர்ச்சொல் சொல்கிறது. ஹோவான் மசாகேயின் குழு 2009-இல் காட்டியது இது: சார்க் என்ற நொதி முடுக்கத்தில் உள்ள மார்புச் செல்கள் முதல் சொல்லுக்குச் செவிசாய்க்காமல் இரண்டாவது சொல்லைப் பற்றிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் உறங்கிக் கிடக்கின்றன. அந்தப் பெண்கள் கேட்டார்களே, இத்தனை வருசம் கழித்து எப்படி என்று. எலும்புக்குப் போனது பின்னால் அன்று. பெரும்பாலும் கட்டி எடுக்கும் முன்பே போயிருக்கும். வெளியே தெரிய ஆண்டுகள் ஆயின.

இத்தனையும் படித்தவர்கள் பிசிஎல்-2 என்றால் கொடியது என்று முடிவுகட்டிவிடக் கூடாது. 1980-களில் அது கண்டுபிடிக்கப்பட்டது லிம்ஃபோமா என்னும் ரத்தப் புற்றில்தான். செல்லைப் பெருக்குவது அதன் வேலையில்லை, சாகாமல் வைப்பதே வேலை என்று 1988-இல் மெல்பர்னில் டேவிட் வாக்ஸும் கூட்டாளிகளும் காட்டினார்கள். அப்படியானால் மார்பகப் புற்றில் பிசிஎல்-2 கூடினால் நோய் கடுமையாக இருக்கவேண்டும் என்றுதானே நினைப்போம்? நடப்பது நேர்மாறு. பிசிஎல்-2 நிறைந்த கட்டியுள்ள பெண்கள் பொதுவாக நீண்ட காலம் வாழ்கிறார்கள். ஈஸ்ட்ரோஜன் சொல்லுக்கு இன்னும் கட்டுப்படும் செல்தான் பிசிஎல்-2-வை நிறையச் செய்கிறது என்பது காரணம். அது கூடியிருப்பது, செல் தன் பிறப்பை முழுக்க மறந்துவிடவில்லை என்பதற்கு அடையாளம். படைப்பில் ஒரு புரதத்தைத் தனியே எடுத்து நல்லது, கெட்டது என்று பெயர் ஒட்டிவிட முடியாது.

மருந்து தேடியவர்களும் இதையே கற்றார்கள். பிசிஎல்-2-வைத் தடுக்கும் வெனிடோக்ளாக்ஸ் 2016-இல் ஒருவகை ரத்தப் புற்றுக்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அங்கே அது பலருக்கு மறுவாழ்வு. முற்றிய மார்பகப் புற்றில் ஹார்மோனைத் தடுக்கும் ஊசியோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்தபோது எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை. பிசிஎல்-எக்ஸ்எல்லைத் தடுத்தால் ரத்தத் தட்டணுக்கள் சரசரவென்று குறைகின்றன. ஏனென்று பார்த்தால் அங்கே இன்னொரு அதிசயம். தட்டணுவுக்கு உட்கரு கிடையாது. பிறக்கும்போது அதற்குக் கொடுத்தனுப்பிய பிசிஎல்-எக்ஸ்எல் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்கிறது. தேய்ந்து தீர்ந்ததும் பாக் துளையிடுகிறது. மனிதத் தட்டணுவுக்கு ஏறக்குறைய பத்து நாள் ஆயுள் என்று விதித்திருப்பது இந்தக் கணக்குத்தான். எம்சிஎல்-1-ஐத் தடுக்கும் மருந்துகளோ இதயத்தைத் தாக்குகின்றன என்ற அச்சத்தால் சில சோதனைகள் நிறுத்தப்பட்டன. வாழ்நாள் முழுவதும் துடிக்கவேண்டிய இதயத் தசையைக் காப்பதும் அதே எம்சிஎல்-1. புற்றுச் செல் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. இதயத்துக்கும் ரத்தத்துக்கும் தாய்மைக்கும் கொடுத்த காப்பை எடுத்துத் தனக்கு வைத்துக்கொண்டது. அந்தக் காப்பை அதனிடமிருந்து மட்டும் பறிப்பதில்தான் சிரமம்.

டிராம்பேயின் பெயர் உலகுக்குத் தெரிந்தது அணு உலையால். 1956 ஆகஸ்ட் 4 அன்று இங்கே அப்சரா உலை இயங்கத் தொடங்கியது. ஆசியாவிலேயே முதல் ஆராய்ச்சி உலைகளில் ஒன்று. ஹோமி பாபா இங்கே நிறுவிய அணு ஆராய்ச்சி மையம் 1967-இல் அவர் பெயரையே பெற்றது. பரேலில் 1941-இல் திறந்த டாடா நினைவு மருத்துவமனை 1962-இல் அணுசக்தித் துறையின் கீழ் வந்தது. மறு ஆண்டு பாபா மையத்தின் கதிர்மருத்துவப் பிரிவும் பரேலில் தொடங்கியது. உலையும் மருத்துவமனையும் ஒரே துறையின் கீழ் இருப்பது உலகில் அரிது. அந்தத் தொலைநோக்குக்கு நாம் நன்றி சொல்லவேண்டும்.

எலும்புக்குப் பரவிய நோயில் வலிதான் கொடுமை. படுக்க முடியாது, புரள முடியாது. எங்கெங்கே பரவியிருக்கிறது என்று காட்டும் எலும்பு ஸ்கேனுக்கு வேண்டிய டெக்னீசியம் ஆறு மணி நேரத்தில் பாதியாகிவிடும் பொருள். அதை எலும்பில் கொண்டுசேர்க்கும் மருந்துக் கலவைகளை டிராம்பே விஞ்ஞானிகள் உள்நாட்டிலேயே உருவாக்கினார்கள். வலி தணிக்க சமாரியம்-153, லுட்டீசியம்-177 ஆகியவற்றையும் இங்குள்ள உலையில் ஆக்குகிறார்கள். சமாரியம் 46 மணி நேரத்திலும் லுட்டீசியம் ஆறரை நாளுக்குச் சற்று மேலும் பாதியாகும். எலும்பு எங்கே அவசர அவசரமாகக் கட்டப்படுகிறதோ அங்கே போய் இவை படிகின்றன. கதிர் பாய்வது ஓரிரு மில்லிமீட்டர். அதற்குள் இருக்கும் செல்லின் டி.என்.ஏ. முறிகிறது. முறிந்த செல்கள் பல, அடுத்து இரண்டாகப் பிரிய முயலும்போது நொறுங்குகின்றன. சிலவற்றில் பி-53 என்ற புரதம் முறிவைக் கண்டு, ப்யூமாவையும் பாக்ஸையும் எழுப்புகிறது. கேட்க மறந்த அந்தப் பழைய விதியை இப்படித்தான் செல்லுக்கு மீண்டும் கேட்கச் செய்கிறார்கள். நம் ஊரில் 'கரண்ட் வைக்கிறது' என்று சொல்கிறோமே, அந்த வெளிக்கதிர்ச் சிகிச்சையும் இதே வழியில்தான் வேலை செய்கிறது.

பாபா மையத்து உயிரியலாளர்கள் மேற்குத்தொடர்ச்சி மலையின் காட்டு ஜாதிக்காயையும் ஆராய்ந்திருக்கிறார்கள். மும்பைக் கடைகளில் ராம்பத்ரி என்று விற்கும் மசாலாச் சாமான் அது. அதிலிருந்து பிரித்த மலபாரிகோன்-சி என்ற பொருள், எம்சிஎஃப்-7 என்ற மார்புப் புற்றுச் செல்களை மைட்டோகாண்ட்ரியா வழியாகவே சாகவைக்கிறது என்று 2014-இல் எழுதினார்கள். தட்டில் வளர்த்த செல்லில் கண்டது இது. ராம்பத்ரி தின்றால் புற்று போகும் என்று யாரும் கிளம்பிவிடக் கூடாது. எனக்கு இதில் நெஞ்சைத் தொட்டது அந்தச் செல்களின் வரலாறு. 1970-இல் அமெரிக்காவில் மார்பகப் புற்று பரவி இறந்த ஒரு கன்னியாஸ்திரீயின் நெஞ்சு நீரிலிருந்து எடுத்தவை. அரைநூற்றாண்டாக உலகமெங்கும் ஆய்வகங்களில் வளர்கின்றன. அவற்றில் காஸ்பேஸ்-3 கிடையாது. மரபணுவில் 47 எழுத்துகள் விடுபட்டுப் போயிருப்பதால் அந்த நொதி உண்டாவதில்லை. சாவின் முக்கியக் கருவி ஒன்று இல்லாமலும் அவற்றை வேறு காஸ்பேஸ்கள் முடிக்க முடிகிறது. ஒரு வழி அடைந்தால் இன்னொரு வழியை உடல் வைத்திருக்கிறது.

டாடா மையத்தின் இந்திரநீல் மித்ரா வேறொரு கேள்வியை எழுப்பினார். சாகும் புற்றுச் செல்கள் விட்டுச்செல்லும் குரோமட்டின் துணுக்குகள் ரத்தத்தில் மிதந்து நல்ல செல்களுக்குள் நுழைந்து கேடு செய்யுமா? செய்யும் என்று அவர் குழு கார்கரில் உள்ள ஆய்வு மையத்திலிருந்து தொடர்ந்து எழுதிவருகிறது. எல்லோரும் ஏற்றுக்கொண்ட முடிவு அன்று இது. ஆனால் செத்ததோடு கதை முடிந்தது என்று விடாமல், சாம்பல் எங்கே போகிறது என்று பார்க்கும் அந்த மனத்தை நான் மதிக்கிறேன். இதே மித்ராதான் மும்பையின் எளிய குடியிருப்புகளில் 1998 முதல் 20 ஆண்டு நடந்த ஆய்வையும் நடத்தினார். 35 முதல் 64 வயதுவரை உள்ள 1,51,538 பெண்கள் அதில் சேர்ந்தார்கள். பயிற்சி பெற்ற சுகாதாரப் பணிப்பெண்கள் இரண்டாண்டுக்கு ஒருமுறை கையால் தொட்டே மார்பைப் பரிசோதித்தார்கள். கட்டி முன்கூட்டியே தெரியவந்தது. 50 வயதைத் தாண்டியவர்களில் மார்பகப் புற்றால் இறப்பு ஏறக்குறைய 30 விழுக்காடு குறைந்தது.

'கத்தி பட்டால் பரவிவிடும்' என்று நம் வீடுகளில் ஒரு பயம் உண்டு. அந்தப் பயத்தில் அறுவையைத் தள்ளிப்போட்டுக் காலம் கடந்தவர்கள் அநேகம். அறுவைதான் உயிர் காக்கிறது என்பதில் மருத்துவர்களுக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் கட்டியை அசைத்து எடுக்கும் அந்தச் சில நிமிடங்களில் சில செல்கள் கழன்று ரத்தத்தில் கலக்கக்கூடும் என்பதை டாடா மருத்துவமனையின் ராஜேந்திர பட்வே பெரிதாக எடுத்துக்கொண்டார். செல் நகர்வதற்கு அதன் மேற்சவ்வில் உள்ள சோடியம் வாயில்கள் துணை செய்கின்றன. பல் பிடுங்கும்போது மரத்துப்போகப் போடும் லிடோகேய்ன் அந்த வாயில்களை மூடும். செல் சாவை அது தூண்டுவதும் ஆய்வகத்தில் தெரிந்திருந்தது. அறுவைக்கு ஏழு முதல் பத்து நிமிடம் முன்பு, கட்டியைச் சுற்றி நாலாபுறமும் அந்த ஊசியைப் போட்டுப் பார்த்தால் என்ன?

2011-இல் தொடங்கி, இந்தியாவின் 11 மருத்துவமனைகளில் 1,600 பெண்கள் இந்தச் சோதனையில் சேர்ந்தார்கள். பாதிப் பேருக்கு ஊசி, மீதிப் பேருக்கு வழக்கமான அறுவை மட்டும். முடிவு 2023-இல் அமெரிக்காவின் முன்னணிப் புற்றுநோய் இதழில் வந்தது. ஐந்தாண்டு கழித்து நோய் திரும்பாமல் இருந்தவர்கள் ஊசி போடாதவர்களில் 82.6 விழுக்காடு, போட்டவர்களில் 86.6 விழுக்காடு. உயிரோடிருந்தவர்கள் 86.4-க்கு 90.1. ஊசியால் யாருக்கும் கேடு நேரவில்லை. மருந்து பழையது, காப்புரிமை இல்லாதது, எந்தச் சிற்றூர் ஆஸ்பத்திரியிலும் அலமாரியில் இருப்பது. இதில் பங்கேற்ற பெண்கள் தங்களுக்கு எது வரும் என்று தெரியாமலே சீட்டுக் குலுக்கலுக்குச் சம்மதித்தவர்கள். அவர்கள் கொடுத்த விடையால், அறுவை மேசைக்கு இனி வரும் நூறு பெண்களில் மூன்று நான்கு பேர் கூடுதலாக வீடு திரும்பி ஐந்தாண்டு கடக்கக்கூடும்.